பொட்டு விழாத மீட்டர்

“ரெண்டு வாரமாத் தேடறேன். நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?”

இதுதான் டீச்சர், எங்க வீட்டுக்காரர் கேட்டது. வார்த்தைக்கு வார்த்தை இதேதான், நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லலை. காலையில இட்லித் தட்டு முன்னாடி உட்கார்ந்து, சட்னியைத் தொட்டுக்கூடப் பார்க்காம, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, “ரெண்டு வாரமாத் தேடறேன். நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?”

ஆமா, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இருக்கிறது ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. இதுக்குள்ள ஒரு மனுஷன் கட்டிலுக்கு அடியில தலையை விட்டுத் தேடினா நான் கண்ணை மூடிக்கிட்டா இருக்க முடியும்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்கலை. கேட்காத கேள்விக்கு எழுந்து நின்னு பதில் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை, எங்க கான்வென்ட்ல அப்படி வளர்க்கலை.

நீங்க மாடி ஏறி வரும்போது கேட்டுச்சே ஒரு சத்தம், அது நான்தான். அவர் இல்லை. அவர் காலையில அந்த ஒரு கேள்வியைக் கேட்டுட்டு ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டவர். நான் கதவோட பேசிக்கிட்டிருந்தேன். உட்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். அவர் நாற்காலியிலயே உட்காருங்க, இன்னைக்கு அது காலிதான்.

லேப்டாப்பைக் குடுங்க. சார்ஜரையும். மறுபடியும் அதேதானா, பத்து நிமிஷம் ஓடுது, பொசுக்குன்னு அணைஞ்சுடுது? பேட்டரி செத்துப்போன மிஷின் உங்களது, கரன்ட்டுல மட்டும்தான் உயிர் வாழும், போன வாரமே சொன்னேன். போன வாரம் நான் குடுத்தப்போ ஒழுங்காத்தானே ஓடிச்சு? இங்கேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினேனா இல்லையா? நீங்க வீட்டுல எப்படி உபயோகிக்கிறீங்களோ. சரி, கோவிச்சுக்காதீங்க. நாளைக்குக் கேள்வித்தாள் குடுக்கணும், தெரியும். எல்லாம் இதுக்குள்ள இருக்கு, அதுவும் தெரியும். திறந்து பார்த்திடலாம்.

ஒரு நிமிஷம், இந்தப் பட்டையைக் கட்டிக்கிறேன். பயப்படாதீங்க, நம்ம உடம்புல இருக்கிற மின்சாரம் போர்டுல பாஞ்சிடக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. ஒரு முனை என் மணிக்கட்டுல, இன்னொரு முனை பலகைக்கு அடியில அந்த இரும்புச் சட்டத்துல. ஒயர் ஆறடி. அடுப்பு வரைக்கும் எட்டாது, வாசல் வரைக்கும் எட்டாது. கட்டிக்கிட்டா கட்டிக்கிட்ட இடம்தான். இருபத்தாறு வருஷமா அப்படித்தான் இருக்கேன், என்ன, இப்பத்தான் ஒயர் கண்ணுக்குத் தெரியுது.

சிரிக்காதீங்க, அவருக்குக் கேட்கும்.

கேட்கட்டும்னுதான் சத்தமாப் பேசறேன். அந்தக் கதவு ஒண்ணும் அவ்வளவு கனமில்லை.

ஐயா காலேஜ்ல பிசிக்ஸ் லேப் அசிஸ்டன்ட். முப்பத்தொரு வருஷம். போன தை மாசம் ரிட்டயர் ஆனார். சால்வை போட்டு, ஒரு மாலை போட்டு, அவரே முப்பது வருஷமாத் துடைச்சுத் துடைச்சு வச்ச மீட்டரை அவர் கையிலயே குடுத்து அனுப்பிட்டாங்க. கரன்ட் அளக்கிற பழைய முள்ளு மீட்டர். தோல் உறை, பித்தளைப் பொத்தான், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால ஒரு முள்ளு. அதை மடியில வச்சுக்கிட்டு ஆட்டோவுல வந்து இறங்கினார், ஏதோ குழந்தையைக் கொண்டு வர்ற மாதிரி.

அப்புறம் ஒரு மாசம். ஒரு மாசம் வீட்டுல ஒரு ஆம்பளை காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் இருந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. ஃபேனைத் துடைப்பார். துடைச்ச ஃபேனை மறுநாளும் துடைப்பார். நான் குக்கர் வச்சா எத்தனை விசில்னு எண்ணுவார். எனக்கு மூச்சு முட்டிச்சு. நானும் ரெண்டு வருஷம் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்சவள்தான் டீச்சர், மூணாவது வருஷம் பரீட்சைக்குப் பதிலா முகூர்த்தம் வச்சுட்டாங்க. நான்தான் சொன்னேன், இந்த ஃபிளாட்ல வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் கெட்டுக் கிடக்கு, ரிப்பேர் பார்ப்போம்னு. யோசனை என்னுது. இந்தப் பலகையும் என்னுது, எங்க அம்மா வீட்டுப் பழைய கதவு. ஊர்ல சந்தானம் சார் ரிப்பேர் பார்க்கிறார்னு பேரு. சந்தானம் சார் என்ன பார்த்தார்? நான் பார்த்தேன்.

சாமான் வாங்கப் போனப்போ பாருங்க கூத்தை. கடையிலேர்ந்து ஒரு பட்டியல் கொண்டு வந்தார், முப்பத்திரண்டு ஐட்டம். எல்லாம் வேணுமாம். லேப்ல எல்லாம் இருக்குமாம். நான் சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். இது லேப் இல்லைங்க, நாலடிப் பலகை, இதுல எது இல்லேன்னா வேலை நிக்கும், அதை மட்டும் சொல்லுங்கன்னேன். அவர் யோசிச்சார். யோசிச்சார், யோசிச்சுக்கிட்டே இருந்தார். நானே எழுதிட்டேன்.

இதோ பாருங்க. ஸ்க்ரூ டிரைவர் செட், சின்ன முனை எல்லாம் இருக்கணும். டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு. நல்லா ஓடற ராம், அதான் மெமரி, ஒண்ணு, சந்தேகம்னா இருக்கிறதைக் கழட்டி இதைப் போட்டுப் பார்க்க. கண்டுபிடிக்கிற வேலையில பாதி அதுதான், நல்லதைப் போட்டுக் கெட்டதைத் தெரிஞ்சுக்கிறது. பெரிய கம்ப்யூட்டருக்கு பவர் சப்ளை டெஸ்டர். உசிரே வராத மிஷின்ல செருகினா நோய் என்னன்னு ரெண்டு எழுத்துல சொல்ற கார்டு. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வேற மிஷின்ல போட்டுப் பார்க்க ஒரு கேபிள். விண்டோஸ் ஏத்தின பென் டிரைவ். இந்தக் கைப்பட்டை. தூசி தட்ட என் பழைய பவுடர் பிரஷ். முடிஞ்சது. ஒன்பது. முப்பத்திரண்டை ஒன்பதாக்கினேன்.

இந்தக் கார்டுன்னா எனக்கு உசிரு. வளவளன்னு பேசாது, ரெண்டே எழுத்து. புத்தகத்தைப் பார்த்தா இன்ன நோய்னு போட்டிருக்கும். மனுஷங்க நெத்தியில இப்படி ஒண்ணு எரிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!

அந்த முள்ளு மீட்டர் பத்தாவதா வந்து பலகை மேல உட்கார்ந்துக்கிச்சு. நான் எழுதலை. அதுவா வந்தது.

மேலே ஒட்டியிருக்கே, கேட்கணும்னு நினைச்சீங்கல்ல? எல்லா சாமான் மேலயும் ஸ்டிக்கர் பொட்டு. அது என் கணக்கு. ஒரு சாமானை வேலைக்கு எடுத்தா ஒரு பொட்டு ஒட்டணும். அட்டை அந்த ஆணியில தொங்குது, யாரு எடுத்தாலும் அவங்க ஒட்டணும். மூணு மாசம் கழிச்சுப் பொட்டே விழாத சாமான் பலகையை விட்டுப் போகணும். இதுல என்ன தப்பு? எங்க கான்வென்ட்ல சிஸ்டர் யூலாலியா சனிக்கிழமை சனிக்கிழமை டெஸ்க்கைத் திறந்து பார்ப்பாங்க. அந்த வாரம் உபயோகப்படாதது எது இருந்தாலும் குப்பைத் தொட்டி. எங்க அப்பாவோட நின்னு போன கைக்கடிகாரத்தை நான் டெஸ்க்குள்ள வச்சிருந்தேன். எடுத்துப் போட்டுட்டாங்க. ரெண்டு நாள் சாப்பிடாம அழுதேன். ஆனா அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. இன்னை வரைக்கும் என் அலமாரியில வேண்டாத ஒரு சாமான் கிடையாது.

ஸ்க்ரூ டிரைவர் பாருங்க, பிடி முழுக்க அம்மை போட்ட மாதிரி. டிஜிட்டல் மீட்டரும் அப்படித்தான். முள்ளு மீட்டர்ல? ஒண்ணு இல்லை. மூணு மாசத்துல ஒரு பொட்டு இல்லை. நெத்தி மொழுமொழுன்னு அப்படியே இருந்தது.

அவர் புதுக்கோட்டையில தங்கச்சி வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தார், மூணு நாள். வெள்ளிக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். பேப்பர், பால் கவர், ரெண்டு உடைஞ்ச கீபோர்டு, அதோட அதையும் வச்சேன். ஏதோ விலை சொன்னாரு, நான் அதைக்கூடக் கேட்கலை. இடம் காலியாச்சா, அதுதான் எனக்கு வேணும். பலகை அன்னைக்குத்தான் பலகையா இருந்தது. உறையை மட்டும் குடுக்கலை, நல்ல தோல், மளிகைச் சீட்டு வைக்க ஆகும்னு சமையல்கட்டுல மாட்டினேன்.

உங்க மிஷின்ல போர்டுல ஒண்ணும் கருகலை. சார்ஜர் செருகற இடமும் கெட்டியா இருக்கு, போன வாரம்தானே புதுசு போட்டேன். பார்க்கலாம்.

அவர் திங்கட்கிழமை வந்தார். வந்ததும் பலகையைப் பார்த்தார். அவர் எதையும் சொல்ற ஆள் இல்லை. முதல் நாள் பலகைக்கு அடியில பார்த்தார். ரெண்டாம் நாள் பரண் மேல. அப்புறம் கட்டிலுக்கு அடியில, பீரோவுல, அரிசி டின்னுக்குப் பின்னால. அரிசி டின்னுக்குப் பின்னால யாராவது மீட்டர் வைப்பாங்களா? எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கிட்டேன். உறை கண்ணுக்கு முன்னாடி ஆணியில தொங்குது, அதைத் தாண்டித் தாண்டித் தேடறார். கேட்கட்டுமேன்னு இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டா என்ன? என்கிட்டே கேட்கிறதுல என்ன கௌரவக் குறைச்சல்?

ஒரு நாள் துவைக்கப் போட்ட சட்டைப் பையில ஒரு துண்டுச் சீட்டு. அவர் கையெழுத்து. “சாவி - வாசல் ஆணி. கண்ணாடி - ஜன்னல். மாத்திரை - டிவி பக்கம். மீட்டர் -” அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் எழுதலை. பரீட்சையில விடை தெரியாத பையன் விட்டு வைப்பானே, அப்படி. எங்க மாமனார் கடைசிக் காலத்துல அப்படித்தான் சீட்டு எழுதி வச்சுக்குவார். அவருக்கு மறதி வியாதி. ஒரு நாள் பக்கத்துத் தெருவுல வேற யார் வீட்டுலயோ போய்ச் செருப்பைக் கழட்டிட்டுக் காபி கேட்டார், பாவம். இவர்தான் போய்க் கூட்டிட்டு வந்தார். இவருக்கு ஒண்ணும் அந்த மாதிரியெல்லாம் கிடையாது. நல்லாத்தான் இருக்கார். சீட்டைக் காய வச்சு மறுபடி பையிலயே போட்டேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லலாம்னு ஒரு நாள் வாயெடுத்தேன். அன்னைக்குப் பார்த்து ஒரு மிஷின் திரும்பி வந்தது, நான் அந்த எரிச்சல்ல இருந்தேன்.

அதை ஏன் கேட்கிறீங்க, இந்த ரெண்டு வாரத்துல நாலு மிஷின் திரும்பி வந்திடுச்சு. மூணு மாசமா ஒண்ணு வரலை, என் வேலை அப்படி. இப்போ வரிசையா நாலு. மூணாவது மாடிப் பையன் கீழே போட்டிருப்பான், ஸ்க்ரீன் திறந்தா மூடினா இருட்டாகுதாம். மருந்துக்கடைக்காரர் கடையில வோல்டேஜ் சரியில்லை. இன்னொண்ணு எலி. நாலாவது நீங்க. நேரம், டீச்சர். வேற என்ன சொல்றது?

ஆங், காலையில நடந்ததைச் சொல்லி முடிக்கலையே. “ரெண்டு வாரமாத் தேடறேன், நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே”ன்னார். ஆமா, பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன், பொட்டு விழலைன்னேன். உடனே என்ன பண்ணினார் தெரியுமா? சிரிச்சார். நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, “அப்பாடா, நான் எங்கேயும் மறந்து வைக்கலையா”ன்னு சிரிச்சார். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். சரி, விஷயம் முடிஞ்சதுன்னு நானும் சிரிச்சேன். அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்துக்கிட்டே இருந்தார். எழுந்தார், கையைக் கழுவினார், சாப்பிடாத கையை. ரூமுக்குள்ள போனார். தாழ்ப்பாள்.

அதுக்கப்புறம் போன்ல தங்கச்சிகிட்டே பேசினது காதுல விழுந்தது. அஞ்சு மணி பஸ்ல அங்கே வர்றாராம். திரும்ப எப்போன்னு அவ கேட்டிருப்பா போல. “தெரியலம்மா”ன்னார். பெட்டி ஜிப் இழுக்கிற சத்தமும் கேட்டது. போகட்டும். எனக்கென்ன. போகணும்னா இந்தப் பலகையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகணும். நான் காலையிலேர்ந்து இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன், குளிக்கக்கூடப் போகலை. மணி என்ன? நாலே காலா?

இருங்க, உங்க சார்ஜர் ஒயரைப் பார்த்திடறேன். மீட்டரை இந்த முனையிலயும் அந்த முனையிலயும் வச்சா, பீப். கேட்டீங்களா? பீப்னா ஒயர் நல்லா இருக்கு. உங்க மிஷின்ல ஒண்ணுமே இல்லை டீச்சர், நீங்கதான்...

என்ன?

வளைக்கணுமா? யாரு சொன்னா?

எப்போ? சித்திரையிலயா? முதல் தடவை நீங்க வந்தப்போவா? அப்போ நான்தானே சரி பண்ணினேன், ராம் மாத்தினேன். நான் காபி கலக்க உள்ளே போனப்போவா? இந்த நாற்காலியில உட்கார்ந்தா?

அவரா?

மெதுவாச் சொல்லுங்க. உறையைத் திறந்து அந்த மீட்டரை எடுத்தார். ஒயரை ஒவ்வொரு விரக்கடையா வளைச்சுக்கிட்டே வந்தார். முள்ளு நடுங்கிச்சு. “பாருங்கம்மா, இங்க நடுங்குது, இங்கதான் உள்ளே அறுந்திருக்கு”ன்னு காட்டினார். அந்த இடத்தை வெட்டிச் சேர்த்தார். அதுக்கப்புறம் உறையில போட்டு மூடி வச்சுட்டார். பொட்டு ஒட்டலையா? அட்டை கைக்கு எட்டற இடத்துலதானே தொங்குது. ஓ. நீங்களே கேட்டீங்களா. “நமக்கெதுக்கும்மா, அவங்க வேலைதான், நான் சும்மா ஒரு தடவை பார்க்கிறேன்”னாரா.

அவங்க வேலைதான்னாரா.

எல்லார்கிட்டேயும் அப்படித்தான் பண்ணியிருப்பாரா? காபி, நான் வர்றவங்களுக்கெல்லாம் காபி கலக்கிறேனே டீச்சர். ஒருத்தரையும் காபி குடுக்காம அனுப்பினதில்லையே.

இருங்க. நானும் வளைக்கிறேன். பீப். பீப். பீப். இங்கேயும் பீப். இதோ இங்க... விட்டுதா? உங்களுக்குக் கேட்டுதா? நம்பர் ஏதோ மாறிச்சு, நான் பார்க்கிறதுக்குள்ள பழையபடி ஆயிடுச்சு. மறுபடி வளைக்கிறேன். பீப்ங்குது. இந்த மீட்டர் பொய் சொல்லலை, ஆனா சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒயர் ஒட்டிக்குது. முள்ளுன்னா நடுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும்.

மூணாவது மாடிப் பையனுக்குத் திறந்தா மூடினா இருட்டு. அதுவும் ஒயர்தான், கீலுக்குள்ள போற ஒயர். மருந்துக்கடைக்காரருக்கு மிஷினுக்குள்ள ஃபேன் நின்னு நின்னு சுத்துது. அதுவும். நான் வோல்டேஜ்னேன்.

எலின்னேன்.

மிஷினை எடுக்காதீங்க, போர்டு திறந்து கிடக்கு. உட்காருங்க. நீங்க போயிட்டா நான் மட்டும்தான் இருப்பேன், உட்காருங்க. உங்க கேள்வித்தாளுக்கு நான் பொறுப்பு.

என்னங்க. என்னங்க, கேட்குதா?

டீச்சர் வந்திருக்காங்க. சித்திரையில வந்தாங்களே, அவங்க. ஒயர் மறுபடி அறுந்திருக்கு, எந்த இடம்னு எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்றேன், கேட்டுக்குங்க, நான்தான் சொல்றேன்.

ஐயோ, இந்தக் கைப்பட்டை ஒயர் இழுக்குது. கதவு வரைக்கும் எட்ட மாட்டேங்குது. இருங்க, கழட்டிட்டு வர்றேன். ஒரு கையால வர மாட்டேங்குது இது... வந்திடுச்சு.

என்னங்க, இப்போ பக்கத்துலதான் நிக்கறேன். பேப்பர்காரர் எடுத்ததையெல்லாம் பாலக்கரையில ஒரு குடோன்லதான் போடுவாராம், ஒரு தடவை அவரே சொன்னார். ரெண்டு வாரம்தானே ஆச்சு. உறை இங்கதான் இருக்கு, மளிகைச் சீட்டையெல்லாம் எடுத்துட்டேன். நாம போய்க் கேட்கலாம். நீங்க பார்த்தாத்தான் அடையாளம் தெரியும், எனக்கு எல்லா மீட்டரும் ஒண்ணுதான். உங்களுக்கு ஒண்ணும் மறக்கலைங்க. ஒண்ணுமே மறக்கலை. நான்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

டீச்சர், நீங்களாவது ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்.

மணி நாலரை ஆகுது. பஸ்ஸுக்குப் போறதுன்னாலும் கதவைத் திறக்கணுமே. சரி, வெளியே வர வேண்டாம். பேச வேண்டாம். என் முகத்தைப் பார்க்க வேண்டாம். அந்தத் தாழ்ப்பாளை மட்டும் எடுங்க. எடுத்த சத்தம் ஒண்ணு கேட்டாப் போதும். என்னங்க, அதை மட்டும் எடுங்களேன்.